எட்டு மணி நட்சத்திரம்

சப்பாத்து ஏறவில்லை.

கிள்ளானில், நண்பர் ஆரோக்கியத்தின் அக்காள் வீட்டு மரப்படியில் உட்கார்ந்து, என் மகளின் வலது காலை மடியில் வைத்துக்கொண்டு நான் போராடிக்கொண்டிருந்தேன். சிவப்புத் தோல், பக்கவாட்டில் வெள்ளைப் பொத்தான். கோலாலம்பூரில் ஒரு சீனர் கடையில் அரை நாள் நின்று பொறுக்கியது. விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. குதிகால் வெளியே நின்றது. குழந்தை அழவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் காலைப் பிடித்துக்கொண்டால் மரியாதை தெரிந்த பிள்ளைகள் எப்படி நிற்பார்களோ, அப்படி நின்றாள்.

பிறகு தாயைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, இந்த மாமா ஏன் சின்னதா வாங்கியிருக்காவ?"

"மாமா இல்லட்டி. அப்பா" என்றாள் என் மனைவி எஸ்தர்.

குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஒரு கடைக்காரர் செல்லாத காசைப் பார்ப்பதுபோல என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு காலை மெள்ள உருவிக்கொண்டு தாயின் சேலைக்குப் பின்னால் போய்விட்டாள்.

அவள் பெயர் பாக்கியம். வயது நாலு நிரம்பவில்லை. நான் அவளை முதன்முதலாகப் பார்த்தது அன்று காலையில்தான். கப்பலில் வந்தவர்களை நோய் சோதிப்பதற்காக அடைத்து வைத்திருந்த சுவெட்டன்ஹாம் துறைமுகத்து முகாமிலிருந்து ஃபினைல் வாடையோடு தாயும் மகளும் வெளியே வந்தார்கள். குழந்தைக்கு அம்மை குத்திய கை வீங்கியிருந்ததால் அவளைத் தூக்கக்கூட முடியவில்லை.

சப்பாத்து விஷயத்தில் குற்றம் என்னுடையது அல்ல. ஊரிலிருந்து எஸ்தர் குழந்தையின் பாதத்தை நூலால் அளந்து, நூலைக் கடிதத்தில் மடித்து வைத்து அனுப்பியிருந்தாள். அந்த நூலைக் கொண்டுபோய்த்தான் வாங்கினேன். நூல் வந்தது முந்தின வருஷக் கடைசியில். அவர்கள் வந்தது ஜூன் மாதத்தில். நூல் அப்படியே இருந்தது, கால் வளர்ந்துவிட்டது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மெஸ்ஸின் சமையல்காரரைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டுச் சிரம்பானிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கிறார்: ஊர்க்கதை எல்லாம் எழுதுகிறீரே, உமது குடும்பம் வந்து சேர்ந்த கதையை மட்டும் ஏன் தாண்டிப் போகிறீர்? தாண்டிப் போனதற்குக் காரணம் உண்டு. அதில் என் மானம் இருக்கிறது. இனி இந்த வயதில் மானத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறேன்? எழுதிவிடுகிறேன்.

முதுகோடு முதுகு

நான் அப்போது கோலாலம்பூரில் நில அளவை ஆபீசில் கணக்குப் போடும் குமாஸ்தா. எங்கள் உத்தியோகத்துக்கே அந்த நாளில் கம்ப்யூட்டர் என்றுதான் பெயர். இப்போது அதே பெயரில் ஒரு யந்திரம் வந்திருப்பதாகப் பத்திரிகையில் பார்த்தேன். நல்லதுதான். அதற்கு ஊர் ஞாபகம் வராது.

டெங்கில் பக்கத்து ரப்பர்க் காடுகளிலும் பூச்சோங் ஈயக் குழிகளிலும் சர்வேயர்கள் கோடு இழுப்பார்கள். அந்தக் கோடு சரியாக எந்தத் திசையில் போகிறது என்று தெரிய வேண்டுமானால் வானத்தைத்தான் கேட்க வேண்டும். சாயங்காலம் இருட்டியதும், அளக்கும் தூரதர்சினியை ஒரு நட்சத்திரத்தின்மேல் திருப்பி, கோணத்தையும் நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொள்வார்கள். மழையில் நனைந்து, அட்டைக்கடி ரத்தம் பட்டு, அந்தப் புத்தகம் எங்கள் மேஜைக்கு வந்து சேரும். மீதி எங்கள் வேலை.

ஒரு கணக்கை இரண்டு பேர் போட வேண்டும். இதுதான் ஆபீஸ் வழக்கம். ஒருவர் போடுவதை மற்றவர் பார்க்கக் கூடாது. அதற்காக முதுகோடு முதுகாக உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு விடைகளையும் மூன்றாவது ஆள் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஒத்துப்போனால் விடை, இல்லாவிட்டால் இரண்டு பேரும் முதலிலிருந்து. என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான் ஆரோக்கியம். கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர், ஞாயிற்றுக்கிழமை பூசை தவறாத கத்தோலிக்கர். நான் மெதடிஸ்டுக் கோயிலுக்குப் போகிறவன். மோட்சத்துக்கு வழி எது என்பதில் எங்கள் விடைகள் ஒத்துப்போகவில்லை. மற்றபடி நாங்கள் பிழை செய்கிற ஆட்கள் இல்லை.

எங்கள் கணக்குகளில் ஒரு பெயர் அடிக்கடி வரும். ஆல்ஃபா சென்டாரி. நம் பஞ்சாங்கத்தில் அதற்கு என்ன பெயர் என்று பல பேரிடம் கேட்டேன்; ஒருவரும் நிச்சயமாகச் சொல்லவில்லை. தெற்கே, சிலுவை மாதிரி நிற்கும் நாலு நட்சத்திரங்களுக்குக் கிழக்கே, இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் இருக்கும். இரண்டில் அதிகப் பிரகாசமானது இது. இதன்மேல் எத்தனையோ கணக்குப் போட்டிருந்தேன். ஆனால் ஒரு தடவைகூட நிமிர்ந்து அதைப் பார்த்ததில்லை. குமாஸ்தாவுக்கு நிமிர நேரம் ஏது?

மே மாதத்தில் மழை விட்ட ஒரு சாயங்காலம், பழுது பார்த்த கருவியைச் சோதிப்பதற்காக ஒரு சர்வேயர் ஆபீஸ் முற்றத்தில் அதை நிறுத்தினார். வீட்டுக்குக் கிளம்பிய எங்களைக் கூப்பிட்டு, வேண்டுமானால் பாருங்கள் என்றார். குனிந்து பார்த்தேன். கண்ணாடிக்குள்ளே அது ஒன்றாக இல்லை. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்று மஞ்சள், மற்றது சற்றே சிவந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

நான் கல்யாணம் முடித்து, மூன்று மாதம் எஸ்தரோடு இருந்துவிட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி அப்போது மூன்றே மாதம் ஆகியிருந்தது.

சூரியனுக்கு ஒன்றுவிட்ட அண்ணன்

அதற்குப் பிறகு அந்த நட்சத்திரத்தைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பாசாரில் பழைய சாமான் விற்பவரிடம் அட்டை கிழிந்த வானநூல் ஒன்று அகப்பட்டது. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லாமல் விட மனம் வரவில்லை.

வெறுங்கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் நமக்கு மிகவும் அருகில் இருப்பது அதுதான். அருகில் என்றால், ஒரு நொடியில் பூமியை ஏழு தடவைக்கு மேல் சுற்றிவிடக்கூடிய ஒளி, அங்கிருந்து புறப்பட்டு இங்கே வந்து சேர நாலு வருஷமும் நாலு மாதமும் ஆகும். நான் கப்பலேறிய அன்று அங்கிருந்து கிளம்பிய வெளிச்சம் எப்போது என் கண்ணில் படும் என்று இதைப் படித்த அன்றைக்கே கணக்குப் போட்டு வைத்தேன். அது தொழில் புத்தி.

அது நம் சூரியனைப் போன்றது. போன்றது என்று சும்மா சொல்லவில்லை. அதன் ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தில் பிரித்தால், சூரிய ஒளியில் எந்தெந்த இடத்தில் கறுப்புக் கோடு விழுமோ அந்தந்த இடத்திலேயே விழுமாம். அதே மஞ்சள், அதே கொதிப்பு. எடை மட்டும் நம்முடையதைவிட ஒரு பிடி கூடுதல். கூட இருக்கும் துணை ஒரு பிடி குறைவு, கொஞ்சம் சிவப்பு. இரண்டும் ஒன்றையொன்று சுற்றி வர எண்பது வருஷம் ஆகும். ஒரு நல்ல ஆயுசு. அந்த எண்பது வருஷத்தில் சில காலம் நெருங்கி வரும், சில காலம் வெகுதூரம் விலகிப் போகும். ஆனால் ஒன்றை விட்டு ஒன்று போய்விடாது. மூன்றாவதாக ஒரு மங்கல் நட்சத்திரமும் உண்டாம். வெகு தொலைவில், கண்ணுக்கே தெரியாமல், ஆனாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததாக. சீமைக்குப் பிழைக்கப் போனவன் மாதிரி.

இன்னொன்றும் படித்தேன். நம் சூரியனைக் கொண்டுபோய் அங்கே வைத்து இங்கிருந்து பார்த்தால் அதுவும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியுமாம். அப்படியானால் அங்கே ஒருவன் நின்று இந்தப் பக்கம் பார்த்தால்? நம் சூரியனே ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள் பிரிக்பீல்ட்ஸ் எது, எங்கள் ஊர்ப் பாளையங்கோட்டை எது? நானும் எஸ்தரும் ஒரே இடத்தில் இருப்பதாகத்தான் அவன் நினைப்பான். இதை நினைத்து நான் சந்தோஷப்பட்ட நாட்கள் உண்டு. மெஸ்ஸில் நாலு பிரம்மசாரிகளின் குறட்டைக்கு நடுவே படுத்திருப்பவனுக்கு எது கிடைத்தாலும் சந்தோஷம்தான்.

தெரு கூடிப் பார்த்தது

எஸ்தருக்கு உடனே எழுதினேன். ஆனால் எப்படி எழுதுவது?

மலாயாவிலிருந்து வரும் கடிதம் அந்தக் காலத்தில் ஒருவருக்கு மட்டும் சொந்தமானது அல்ல. என் மாமனார் பள்ளிக்கூட வாத்தியார். குரல் கணீரென்று இருக்கும். கடிதம் வந்ததும் அவர் உரக்க வாசிப்பார். அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து வந்து உட்கார்ந்து கேட்பார்கள். மனைவியைப் பிரிந்திருக்கிறேன், அவள் நினைவாகவே இருக்கிறது என்று அதில் எழுத முடியுமா? எழுதினால் அவளால் தெருவில் தலைகாட்ட முடியாது. ஆகையால் என் கடிதங்களில் வெயில், மழை, அரிசி விலை, சகலரின் சுகத்துக்கும் வேண்டுதல், இவைதான் இருக்கும்.

ஆகவே மிகவும் தந்திரமாக எழுதினேன். தெற்கே சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் உண்டு, எங்கள் ஆபீசில் அதை வைத்துத்தான் கணக்கு, பார்க்கத் தகுந்தது, நான் தினமும் இரவு எட்டு மணிக்கு அதைப் பார்ப்பது வழக்கம். இவ்வளவுதான். எஸ்தர் கெட்டிக்காரி. அவளுக்குப் புரியும்.

புரிந்தது. ஆனால் மாமனாருக்கும் வேறு விதமாகப் புரிந்துவிட்டது. மருமகப்பிள்ளை எழுதியிருக்கிறார் என்று அன்று எட்டு மணிக்குத் தெருவையே வெளியே கூட்டி வந்துவிட்டாராம். நான் சொன்ன நட்சத்திரத்தை யாரும் பார்க்கவில்லை. பனைமரங்களுக்கு மேல் சிலுவையைக் கண்டதும் ஒரே பரவசம். கீர்த்தனை பாடி ஜெபம் செய்துவிட்டுத்தான் கலைந்திருக்கிறார்கள். அவள் ஒருத்தி பார்க்கட்டும் என்று எழுதினேன். ஊர் கூடித் தேர் இழுத்துவிட்டது.

எஸ்தரின் பதிலில் இதெல்லாம் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "எட்டு மணிக்கு நானும் பார்த்து வருகிறேன்." அந்த வரியை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அன்றிலிருந்து எட்டு மணி எனக்குத் தனி நேரம் ஆயிற்று. மெஸ்ஸின் பின்பக்கம் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு திறந்தவெளி. கரிப்புகையும் ஈரமண்ணும் கலந்த வாடை. தென்கிழக்கிலிருந்து அது மெள்ள ஏறி வரும். மழை மூட்டமாக இருந்தால், மேகத்துக்குப் பின்னால் அது இருக்க வேண்டிய இடத்தைக் கணக்குப் போட்டு அந்த இடத்தைப் பார்ப்பேன். இந்தக் கணத்தில் அவளும் பார்க்கிறாள் என்ற நினைப்பு ஒன்றுதான் என்னை அந்த வருஷம் கப்பலேற விடாமல் பிடித்து வைத்தது. செப்டம்பர் பிறந்தால் அது தென்மேற்கில் விழுந்துவிடும். பிறகு ஏப்ரல்வரை அந்த நேரத்தில் கிடையாது.

அந்த வருஷம் அக்டோபரில்தான் குழந்தை பிறந்தது. கைக்குழந்தையோடு கப்பல் வேண்டாம் என்றார்கள். பிறகு எஸ்தரின் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். ஒரே மகள், விட்டு வர முடியுமா? நானும் வா என்று எழுதவில்லை. எனக்கும் லீவு கிடைக்கிற முறை வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று போயிற்று. பாக்கியம் உட்கார்ந்தாள், நடந்தாள், பேசினாள் என்று கடிதங்கள் வந்தன. நான் படிக்கும்போது அவள் அதற்கு அடுத்த வேலைக்குப் போயிருப்பாள். என் பயமெல்லாம் ஒன்றுதான்: இந்தப் பிள்ளைக்கு நான் யார்?

ஆரோக்கியம் கண்ட பிழை

இனி என் மானம் போன கதை.

இரண்டாவது வருஷம், நட்சத்திரம் மறுபடி வரத் தொடங்கிய நாட்கள். ஆரோக்கியம் மெஸ்ஸுக்கு வந்திருந்தார். எட்டு மணி ஆனதும் நான் எழுந்தேன். எங்கே என்று கேட்டார். முதலில் மழுப்பினேன்; பிறகு சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அண்ணே, இங்க எட்டுன்னா அங்க ஆறரைதானே? அங்க இன்னும் பொழுதே சாயலையே லா. அண்ணி எப்படிப் பாப்பாங்க?"

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தினமும் ஆபீசில் இந்த ஊர் நேரத்தைக் கிரீனிச் நேரமாக மாற்றுவதுதான் என் முதல் வேலை. அதைச் செய்யாமல் ஒரு நட்சத்திரக் கணக்கையும் தொடங்க முடியாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்டவன், பெண்டாட்டிக்கு எழுதும்போது மட்டும், மலாயாவுக்கும் இந்தியாவுக்கும் ஒன்றரை மணி நேரம் வித்தியாசம் என்பதை மறந்துவிட்டேன். ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொல்லும் வாத்தியார் வீட்டுப் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதை. அவள் எட்டு மணிக்குப் பார்க்கும்போது எனக்கு ஒன்பதரை. நான் மெஸ்ஸில் சாப்பிட்டுப் பாய் விரித்திருப்பேன். முந்தின வருஷம் முழுவதும் நாங்கள் ஒரு நாள்கூட ஒரே நேரத்தில் பார்க்கவில்லை.

எழுதித் திருத்தலாம். ஆனால் யார் வாசிப்பார்? மாமனார் கணீரென்று வாசிப்பார். கணக்கில் புலி என்று பெண் கொடுத்த மருமகன் மணி பார்க்கத் தெரியாதவன் என்று தெருவே கேட்கும். ஆகவே ஒரு வார்த்தையும் எழுதாமல் நானே மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து ஒன்பதரைக்குப் பார்த்தேன். அவளுக்கு எட்டு. பிழை தீர்ந்தது என்று நிம்மதியாக இருந்தேன்.

மூன்று பருவங்கள் அப்படிப் பார்த்தேன். ஐந்தாவது வருஷம் தொடங்கும்போது எஸ்தரின் அம்மா கண்ணை மூடினார். நாற்பது நாள் ஜெபம் முடிந்து, மாமனாரை அவருடைய தம்பி வீட்டில் சேர்த்துவிட்டு, தாயும் மகளும் நாகப்பட்டினத்தில் கப்பலேறினார்கள்.

கிள்ளானில் அந்தச் சாயங்காலம்

சப்பாத்து ஏறாத அன்றைக்கு வருகிறேன்.

களைத்து வந்தவர்கள் இரவு தங்கிவிட்டுக் காலை ரயிலில் கோலாலம்பூர் போகட்டும் என்று ஆரோக்கியத்தின் அக்காள் நிறுத்திவிட்டார். நல்ல மனுஷி. கோழிக் குழம்பு வைத்து, குழந்தைக்கு ரம்புத்தான் உரித்துக் கொடுத்தார். அவர் கையால் வாங்கிச் சாப்பிட்ட பாக்கியம், நான் உரித்துக் கொடுத்ததை மட்டும் தாயிடம் கொடுத்துத் தாய் கையால் வாங்கிச் சாப்பிட்டாள். நான் அதைக் கவனிக்காததுபோல் ஆரோக்கியத்தோடு ஆபீஸ் விஷயம் பேசிக்கொண்டிருந்தேன்.

சுவர்க்கடிகாரம் எட்டு அடித்தது. எஸ்தர் எழுந்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பின்கட்டு வழியாக முற்றத்துக்குப் போனாள். நானும் போனேன்.

தெற்குப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. தென்னைகளுக்கு மேலே, ஊரில் நிற்பதைவிட நல்ல உயரத்தில், அது நின்றது.

"இங்க எதுக்கு வந்த?" என்றேன்.

"எட்டு அடிச்சிட்டுல்லா. இது நீங்க பாக்குற நேரந்தான?"

"நான் ஒம்பதரைக்குல்லா பாக்கேன்."

திரும்பிப் பார்த்தாள். "ஒம்பதரைக்கா? எதுக்கு?"

சொன்னேன். நேரத்தை மாற்ற மறந்ததையும், ஆரோக்கியம் பிடித்ததையும், அவளுக்கு எட்டாகட்டும் என்று நான் ஒன்பதரைக்கு மாறிக்கொண்டதையும் சொன்னேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கும் தெரிஞ்சிட்டு" என்றாள். "பாக்கியம் பொறந்த சமயத்துல பினாங்குல இருந்து வந்த கம்பவுண்டர் சொன்னாவ, அங்க எட்டுன்னா இங்க ஆறரைன்னு. எப்படி எழுதுவேன்? அப்பா வாசிப்பாவ. ஒங்க கணக்கு தப்புன்னு நான் எழுதி, அத ஊரே கேக்கணுமா? அதான் நானே ஆறரைக்கு வந்து நின்னுக்கிட்டேன்."

"ஆறரைக்கு வெளிச்சமால்லா இருக்கும். நட்சத்திரம் ஏது?"

"நட்சத்திரம் இல்லதான். நீங்க பாத்துக்கிட்டு இருப்பீயல்லா."

ஆபீசில் இரண்டு பேர் தனித்தனியே போட்ட கணக்கு ஒத்துவராவிட்டால் ஒருவர் பிழை செய்திருக்கிறார் என்று அர்த்தம். இங்கே இரண்டு பேரும் சரியாகவே திருத்தியிருந்தோம். நான் அவளுடைய எட்டுக்குப் போனேன். அவள் என்னுடைய எட்டுக்கு வந்துவிட்டாள். நாலு வருஷத்தில் நாங்கள் ஒரு நாள்கூடச் சேர்ந்து பார்க்கவில்லை. நானாவது நட்சத்திரத்தைப் பார்த்தேன். அவள் பகல் வெளிச்சத்தில் வெறும் வானத்தைப் பார்த்து நின்றிருக்கிறாள். அதுவும் நான் பார்த்த பருவத்தில் மட்டும் அல்ல. எப்படியும் நட்சத்திரம் தெரியாதவளுக்குப் பருவம் ஏது? வருஷம் பூராவும் நின்றிருக்கிறாள். நான் பார்க்காத மாதங்களிலும் நின்றிருக்கிறாள்.

எனக்கு அழுகை வந்தது. ஆண்பிள்ளை அழுதான் என்று எழுதுவதில் எனக்கு இப்போது கூச்சம் இல்லை.

அப்போதுதான் பாக்கியம் தாயின் தோளிலிருந்து நிமிர்ந்தாள். தென்னைக்கு மேலே பார்த்தாள். வாய் திறந்தபடி நின்றது. பிறகு நிதானமாகக் கையை நீட்டிச் சொன்னாள்.

"அம்மா, அப்பா வந்துட்டாவ."

நீட்டிய விரல் என்னைத் தாண்டி நட்சத்திரத்துக்குப் போயிற்று.

எஸ்தர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. தினமும் ஆறரைக்குக் குழந்தையையும் தூக்கிக்கொண்டு நின்று, தெற்கே கையைக் காட்டி, "அப்பா அங்க இருக்காவ, நம்மளப் பாக்காவ" என்பாளாம். குழந்தை பார்க்கும், அங்கே ஒன்றும் இருக்காது. இருட்டி நட்சத்திரம் தெரிவதற்குள், படுத்திருக்கும் தாய்க்குக் கஞ்சி கொடுக்க எஸ்தர் உள்ளே போய்விடுவாள். பிள்ளைக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்பா என்றால் தெற்கே, வானத்தில், ஒன்றுமில்லாத ஓர் இடம். இன்றைக்குத்தான் அந்த இடத்தில் ஒருவர் வந்திருக்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். அது சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரம் அம்மா, அப்பா நான்தான் என்று ஆரம்பித்திருப்பேன். எஸ்தர் கண்ணாலேயே வேண்டாம் என்றாள். குழந்தை அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அன்று காலையிலிருந்து அவள் முகத்தில் நான் காணாத சிரிப்பு. எனக்குப் பொறாமையாக இருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் வீடு

பிரிக்பீல்ட்ஸில் இரண்டு அறை உள்ள ஒரு வீடு பிடித்திருந்தேன். தினமும் எட்டு மணிக்குப் பாக்கியம் பின்வாசலில் போய் நிற்பாள். நட்சத்திரத்தோடு பேசுவாள். அன்றைக்கு என்ன சாப்பிட்டாள், ரயில் எத்தனை தரம் ஊதியது, எதிர்வீட்டுப் பூனை எங்கே படுத்திருந்தது, எல்லாம் சொல்வாள். என்னைப் பற்றியும் சொல்வாள். "மாமா நல்லவியதான். ஆனா சத்தமா சாப்புடுதாவ" என்று ஒரு நாள் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அடுத்த நாளிலிருந்து வாயை மூடிச் சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

பொறுமை போய் எஸ்தரிடம் சண்டைக்குப் போனேன். நீ சொல்லிக் கொடுத்த பிள்ளைதானே, நீயே திருத்து என்றேன். அவள் அசையவில்லை. "அவ நாலு வருஷம் காத்திருந்தா. நீங்க நாலு மாசம் காத்திருங்க" என்றாள்.

காத்திருந்தேன். பிள்ளைக்குத் தலை சீவக் கற்றுக்கொண்டேன். காய்ச்சலில் கிடந்தபோது இரண்டு நாள் ஆபீசுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கினாள். ஆனாலும் விழித்ததும் மாமாதான்.

ஆகஸ்டு முடிந்தது. நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் தென்மேற்கில் தாழ்ந்துகொண்டே போயிற்று. செப்டம்பரில் ரயில் பட்டறையின் கூரைக்குப் பின்னால் இறங்கி மறைந்துவிட்டது. எனக்கு அது தெரிந்த விஷயம், ஏப்ரலில் வந்துவிடும். பிள்ளைக்கு எப்படித் தெரியும்? முதல் நாள் வெகுநேரம் நின்றாள். இரண்டாம் நாள் சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் மழை. குடையை வாங்கிக்கொண்டு போய் நின்றாள். என் பொறாமையெல்லாம் எங்கோ போய்விட்டது. அது திரும்ப வந்துவிடக் கூடாதா என்று நானே பட்டறைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் நாள் அவள் பின்வாசலுக்குப் போகவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நேரே வந்து என் முழங்காலுக்கு முன்னால் நின்றாள். கண்ணில் நீர் இல்லை. நன்றாக யோசித்து முடிவெடுத்துவிட்டு வந்த முகம்.

"மாமா."

"என்னம்மா?"

"அப்பா வரல. போய்ட்டாவ போல."

அவள் என் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"இனிமே நீங்களே அப்பாவா இருங்க" என்றாள்.

"இருக்கேம்மா" என்றேன்.